எக்ஸாஸ்ட் டக்ட் இணைப்பில் தினமும் காலையில் தண்ணீர்: டேப்பா, மாஸ்டிக்கா, கழற்றி மாட்டுவதா?

கூரைக்குக்கீழ் (கோத்தகிரி)

வணக்கம். கோத்தகிரி பக்கம் பழைய தகரக் கூரை வீடு ஒன்றை ஹோம்ஸ்டேயாக நடத்துகிறோம். இரண்டு குளியலறைகளுக்கும் சேர்த்து ஒரே எக்ஸாஸ்ட் லைன், அதாவது ஈரக்காற்றை வெளியே தள்ளும் டக்ட். 6 அங்குல ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய தகரம்) வட்டக் குழாய், தகரத்தின் கனம் 26 கேஜ். மரச் சீலிங்குக்கு மேலே ஐந்து மீட்டர் போலப் படுக்கையாக ஓடி, அங்கிருந்து நேராக மேலேறிக் கூரையைத் துளைத்து வெளியே போகிறது. ஃபேன் சீலிங்குக்கு மேல், குளியலறைக்குப் பக்கத்திலேயே இருக்கிறது.

டிசம்பர் பிறந்ததிலிருந்து காலை ஏழு மணி ஆனால் இணைப்புகளிலிருந்து பழுப்புத் தண்ணீர் சொட்டுகிறது. சீலிங் பலகையில் வட்ட வட்டமாகக் கறை. வேலை செய்தவர் கீழே சமவெளியிலிருந்து வந்தவர். முதலில் சாம்பல் நிறத் துணி டேப் சுற்றினார். அது உரிந்து தொங்கியதும், அதன் மேலேயே சிலிக்கான் பூசிவிட்டுப் போனார். இப்போது சிலிக்கான் ஓரத்தில் வெள்ளையாகப் பூத்திருக்கிறது, தண்ணீரும் நிற்கவில்லை. இன்னொரு தடவை நல்ல டேப்பாக வாங்கிச் சுற்றலாமா, மாஸ்டிக் என்று பிரஷ்ஷால் பூசும் ஏதோ களிம்பைச் சொல்கிறார்களே அதைப் பூசலாமா, இல்லை எல்லாவற்றையும் கழற்ற வேண்டுமா? பொங்கலுக்கு அறைகள் எல்லாம் புக் ஆகியிருக்கின்றன.


தகரத்தம்பி (குன்னூர்)

டேப்பை அப்புறம் பேசலாம். மூன்று விஷயம் பார்த்துச் சொல்லுங்கள்.

மழையே இல்லாமல், வானம் வெளுத்து உறைபனி விழுந்த காலையிலும் சொட்டுகிறதா? அப்படியென்றால் கூரை ஒழுகல் இல்லை. குழாய்க்குள்ளேயே தண்ணீர் உண்டாகிறது.

இரண்டாவது, மேலேறும் குழாயில் இணைப்பு எப்படி இருக்கிறது? கிரிம்ப் போட்ட, அதாவது அடுத்த துண்டுக்குள் நுழையச் சுருக்கிய ஆண் முனை மேலே பார்த்து இருக்கிறதா, கீழே பார்த்தா? வெளியிலிருந்து பார்த்தாலே தெரியும். மேல் துண்டு கீழ்த் துண்டை வெளியே மூடியிருந்தால் ஆண் முனை மேல் நோக்கி இருக்கிறது என்று அர்த்தம்.

மூன்றாவது, படுக்கைக் குழாயின் நெடுக்கு மடிப்பு, அதாவது தகரத்தை உருட்டி நீளவாக்கில் இணைத்த இடம், மேல் பக்கம் இருக்கிறதா, அடிப்பக்கமா? ஸ்க்ரூ எங்கெங்கே அடித்திருக்கிறார்கள்?

படம் போட முடிந்தால் போடுங்கள். அந்தச் சிலிக்கானை முகர்ந்து பார்த்தீர்களா? பூசிய அன்று வினிகர் வாடை அடித்ததா?


கூரைக்குக்கீழ் (கோத்தகிரி)

ஏணி போட்டு ஏறிப் பார்த்துவிட்டேன் அண்ணா. மழை இல்லாத நாளில்தான் அதிகம் சொட்டுகிறது. மேலேறும் குழாயில் ஒவ்வொரு மேல் துண்டும் கீழ்த் துண்டுக்கு வெளியே உட்கார்ந்திருக்கிறது. படுக்கையில் மடிப்பு ஒரு துண்டுக்கு மேலே, அடுத்ததற்குப் பக்கவாட்டில், வளைவுக்கு முந்தைய துண்டுக்கு நேர் அடியில். ஸ்க்ரூவும் அப்படித்தான், கைக்கு எட்டிய இடத்தில் அடித்திருக்கிறார்கள். அடியில் அடித்த ஸ்க்ரூ நுனியிலிருந்தே ஒரு சொட்டு தொங்கிக்கொண்டிருந்தது. ஒரு டேப்பை உரித்துப் பார்த்தேன். துணி தனியாகக் கையோடு வந்துவிட்டது, பசை மட்டும் வெல்லப்பாகு போலத் தகரத்தில் இழுபடுகிறது. சிலிக்கான் ஆமாம், புளித்த வாடைதான். என் மனைவி அன்றைக்கே ஊறுகாய் ஜாடி உடைந்துவிட்டதா என்று கேட்டாள்.


வளிக்கணக்கு (கோவை, சொந்த ஊர் அருவங்காடு)

தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்பதற்குக் கணக்குப் போட்டுவிடலாம். வெந்நீர்க் குளியல் முடிந்த அறையில் காற்று 24 டிகிரி, ஈரம் நிறைந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கன மீட்டருக்கு ஏறத்தாழ 22 கிராம் நீராவி இருக்கும். சீலிங்குக்கு மேலே விடியற்காலையில் 8 டிகிரி என்றால், அந்தக் குளிரில் காற்று தாங்குவது 8 கிராம் சொச்சம்தான். மீதி 13 கிராமுக்கு மேல் தகரத்தில் படிய வேண்டியதுதான். மணிக்கு 150 கன மீட்டர் இழுக்கும் ஃபேன் அரை மணி நேரம் ஓடினால் 75 கன மீட்டர். முழுக்கக் குளிர்ந்தால் ஒரு லிட்டர் வரும். அவ்வளவு தூரம் குளிராது, கால்பங்கு படிந்தாலே ஒரு டம்ளர். இரண்டு குளியலறை, வரிசையாக நான்கு பேர் குளித்தால் என்ன ஆகும் என்று பாருங்கள்.

கோவையில் இதே குழாய், இதே டேப், இதே ஸ்க்ரூ வைத்தால் சொட்டே விழாது. அங்கே பழகின கையோடு இங்கே வந்து வேலை செய்வதுதான் சிக்கல்.

இன்னொன்று. உங்கள் ஃபேன் குளியலறைப் பக்கம் இருப்பதால் ஃபேனுக்கு அப்பால் உள்ள குழாய் முழுக்க உள்ளே அழுத்தம் கூடுதல். சந்து எங்கே இருந்தாலும் ஈரக்காற்றைச் சீலிங்குக்கு மேலே தள்ளும். பலகைக் கறையில் ஒரு பங்கு சொட்டிய தண்ணீர் என்றால் இன்னொரு பங்கு இப்படிக் கசிந்த ஆவி. கூரைச் சட்டங்களின் அடியிலும் கைவைத்துப் பாருங்கள்.


சும்மா_ஒரு_கருத்து (ஊட்டி)

இதற்கு இவ்வளவு ஆராய்ச்சியா? நல்ல அலுமினிய டேப் இரண்டு சுற்று சுற்றினால் முடிந்தது. ஊட்டியில் பாதி லாட்ஜில் அப்படித்தான் இருக்கிறது. துணி டேப்தான் மோசம், அலுமினியம் ஒன்றும் ஆகாது.


தகரத்தம்பி (குன்னூர்)

பாதி லாட்ஜில் சீலிங் கறையும் இருக்கிறதே தம்பி, அதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

டேப் காற்றை நிறுத்தும். தேங்கி நிற்கிற தண்ணீரை நிறுத்துகிற வேலை அதனுடையது இல்லை. கோத்தகிரிக்காரர் வீட்டில் நடப்பது இதுதான். மேலேறும் குழாயின் உள்சுவரில் படிந்த தண்ணீர் கீழே வழிந்து வருகிறது. இணைப்புக்கு வந்ததும் மேல் துண்டின் விளிம்பு முடிந்துவிடுகிறது. அந்த விளிம்பு கீழ்த் துண்டுக்கு வெளியே இருப்பதால், கிரிம்ப் போட்ட பள்ளங்களுக்குள் இறங்கி நேராக வெளியே வருகிறது. ஒரு இணைப்புக்கு முப்பது பள்ளம் என்றால் முப்பது வழி. இதைத் திருப்பிப் போட்டிருந்தால், அதாவது ஆண் முனை கீழே பார்த்து இருந்தால், மேல் துண்டு கீழ்த் துண்டுக்கு உள்ளே உட்கார்ந்திருக்கும். தண்ணீர் உள்ளேயே விழுந்து உள்ளேயே போகும். அதன் மேல் நீங்கள் பூசுகிற மாஸ்டிக்குக்கு வேலையே பாதி குறைந்துவிடும்.

விறகு அடுப்புப் புகைக்குழாய் போட்ட பழைய ஆட்களைக் கேளுங்கள். ஆண் முனை அடுப்பைப் பார்த்துத்தான் இருக்கும். தார் கலந்த தண்ணீர் வெளியே வழிந்து சுவரில் கறை இறங்கக் கூடாது என்பதற்காக. பழைய பங்களாக்களில் இருந்த இரும்புக் குழாய்களைக் கழற்றும்போது நான் பார்த்தவை எல்லாம் அப்படித்தான்.

படுக்கைக் குழாயிலும் அதே கதை. ஆண் முனை தண்ணீர் ஓடும் பக்கம் பார்க்க வேண்டும். நெடுக்கு மடிப்பு மேலே. ஸ்க்ரூ இணைப்புக்கு மூன்று போதும், உச்சியில் ஒன்று, பக்கத்துக்கு ஒன்று. அடியில் கண்டிப்பாக ஓட்டை கூடாது.


வளிக்கணக்கு (கோவை, சொந்த ஊர் அருவங்காடு)

ஒரு மறுப்பு. ஏ.சி. டக்ட் வேலையில் எல்லோரும் கற்றுக்கொள்வது ஆண் முனை காற்று போகும் திசையில் என்பதுதான். காற்று ஓட்டத்துக்கு எதிரே விளிம்பு துருத்திக்கொண்டு நிற்கக் கூடாது என்பதற்காக. உங்கள் முறையில் மேலேறும் குழாயில் காற்று ஒவ்வொரு இணைப்பிலும் ஒரு விளிம்பில் முட்டும்.

ஆனால் எண்ணைப் போட்டுப் பார்த்தால், 6 அங்குலக் குழாயில் மணிக்கு 150 கன மீட்டர் என்றால் வேகம் வினாடிக்கு இரண்டேகால் மீட்டர்தான் வருகிறது. அந்த வேகத்தில் அந்த விளிம்பால் வரும் அழுத்த இழப்பு கணக்கில் எடுக்கவே வேண்டாம். பெரிய ஏ.சி. டக்டில் 8, 10 மீட்டர் வேகத்தில் வேண்டுமானால் யோசிக்கலாம், அங்கே சத்தமும் வரும். ஆக, குளிர்ப் பிரதேசத்து எக்ஸாஸ்ட் குழாய்க்கு தண்ணீர் திசைதான் முக்கியம் என்பதில் எனக்கும் சம்மதம். ஏ.சி. விதியை அப்படியே இங்கே கொண்டுவந்து வைப்பதுதான் தப்பு.

அதைவிட, இரண்டு விதியும் மோதாமல் செய்ய வழி இருக்கிறதே. கூரையைத் துளைக்காமல் பக்கச் சுவர் வழியாக வெளியே கொண்டுபோனால் என்ன? குழாயை வெளிப்பக்கம் சாய்த்துவிட்டால் காற்றும் தண்ணீரும் ஒரே திசையில் போகும். மீட்டருக்கு 2 செ.மீ. சாய்வு, ஐந்து மீட்டருக்கு 10 செ.மீ. சீலிங்குக்கு மேலே அவ்வளவு இடம் இருக்கும். கூரையில் ஓட்டை இல்லை என்பது தனி லாபம்.


இலைவாடி (மஞ்சூர்)

தேயிலைத் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். வீட்டுக் குழாயைப் பற்றி எனக்கு அதிகம் தெரியாது, ஆனால் இணைப்பு என்றதும் சொல்லத் தோன்றுகிறது.

இலையை உலர்த்தும் டிரையருக்குச் சூடான காற்று விறகு ஹீட்டரிலிருந்து வரும். ஹீட்டருக்கும் ஃபேனுக்கும் நடுவில் உள்ள டக்ட் இழுவைப் பக்கம், ஃபேனுக்கு அப்பால் டிரையர் வரை தள்ளும் பக்கம். புதிதாக வருகிற மேஸ்திரிகள் எல்லாம் தள்ளும் பக்கத்தைத்தான் உருண்டு உருண்டு அடைப்பார்கள். அங்கே கசிந்தால் கையில் சூடு தெரியும், விறகுச் செலவு தெரியும். இழுவைப் பக்கம் கசிந்தால் ஒன்றும் தெரியாது. வெளியே ஒன்றும் வராது அல்லவா, உள்ளேதான் போகும். என்ன உள்ளே போகிறது? விறகு போடக் கதவைத் திறக்கும்போதெல்லாம் அடுப்பு அறையில் புகை கிளம்பும். சந்து அந்தப் புகையை உறிஞ்சும். தேயிலை எந்த வாடையையும் பிடித்துக்கொள்ளும் சரக்கு. குன்னூர் ஏலத்துக்கு முன் ருசி பார்ப்பவர் ஒரு வாய் உறிஞ்சித் துப்பிவிட்டு ‘புகை’ என்று எழுதிவிட்டால், அந்த வார இலை முழுக்க விலை இறங்கிவிடும்.

நான் இருந்த இடத்தில் இப்படி ஒரு பருவம் முழுக்க ஹீட்டர் குழாய்தான் ஓட்டை என்று அதையே மாற்றிக்கொண்டிருந்தார்கள். கடைசியில் பார்த்தால் இழுவைப் பக்கத்து ஃபிளாஞ்சில் (போல்ட் போட்டு இணைக்கும் விளிம்பு), தரையை ஒட்டிய மூலையில், இரண்டு போல்ட் இல்லை. குனிந்து பார்க்க யாருக்கும் மனசு வரவில்லை. ஊதுபத்தி கொளுத்தி ஃபிளாஞ்சைச் சுற்றிக் கொண்டுபோனதும் புகை சட்டென்று உள்ளே மடங்கியது. அவ்வளவுதான் சோதனை.

சூட்டு டக்டில் இன்னொரு தொல்லை விரிவு. பத்து மீட்டர் இரும்பு 100 டிகிரி சூடேறினால் 12 மி.மீ. நீளும். தினமும் நீண்டு தினமும் சுருங்கும். இறுக்கமாக அடைத்த இணைப்புதான் முதலில் விட்டுப்போகும். அதனால்தான் இடையில் கேன்வாஸோ, நீண்டு சுருங்கும் பெல்லோஸோ வைப்பது. ஃபிளாஞ்சுக்குள் முன்பெல்லாம் அஸ்பெஸ்டாஸ் கயிறு போடுவார்கள். இப்போது கண்ணாடியிழைக் கயிறு, செராமிக் ஃபைபர் கயிறு கிடைக்கிறது. பழைய கயிறு இருக்கும் இடத்தைச் சுரண்டிப் பிய்க்காதீர்கள், தூசு நுரையீரலுக்கு ஆகாது.


கூரைக்குக்கீழ் (கோத்தகிரி)

பக்கச் சுவர் யோசனை பிடித்திருக்கிறது சார். கருங்கல் சுவர், ஒன்றரை அடி தடிமன். துளை போட முடியும் என்கிறார்கள். கழற்றி மாட்டுவது என்று முடிவு செய்துவிட்டேன். இப்போது பூசுவது எப்படி என்று விவரமாகச் சொல்லுங்கள், பக்கத்திலேயே நின்று செய்ய வைக்க வேண்டும். குழாய்களையே மறுபடி பயன்படுத்தலாமா?


தகரத்தம்பி (குன்னூர்)

சிலிக்கான் பூசிய துண்டுகளின் ஓரத்தில் வெள்ளைப் பூப்பு இருந்தால் அங்கே துத்தநாகப் பூச்சு போய்விட்டது என்று பொருள். வினிகர் வாடை வருகிற சிலிக்கான் காயும்போது அசெட்டிக் அமிலம் விடும், அது துத்தநாகத்தைத் தின்னும். அந்த முனைகளை ஒரு சாண் வெட்டி எறியுங்கள். சிலிக்கானே வேண்டும் என்றால் வாடை இல்லாத நியூட்ரல் வகை கேட்டு வாங்குங்கள். கடைக்காரர் எல்லாம் ஒன்றுதான் என்பார், ட்யூபைத் திருப்பிப் படியுங்கள்.

இனி பூசுவது. பகல் பதினொரு மணிக்கு முன்னால் ஆரம்பிக்கவே வேண்டாம். காலையில் தகரத்தில் கண்ணுக்குத் தெரியாத பனி ஈரம் இருக்கும், விரலால் இழுத்தால் கோடு விழும். அந்த ஈரத்தின் மேல் டேப்பும் ஒட்டாது, மாஸ்டிக்கும் பிடிக்காது. முதலில் உலர்ந்த துணி, பிறகு தின்னர் நனைத்த துணி, மறுபடி உலர்ந்த துணி. புதுத் தகரம் பளபளவென்று இருந்தாலும் எண்ணெய் பூசித்தான் வருகிறது, துடைக்காமல் விடாதீர்கள்.

ஆண் முனையை ஒன்றரை அங்குலமாவது உள்ளே செருகி, நேர் பார்த்து, மூன்று ஸ்க்ரூ அடித்து, ஆட்டிப் பாருங்கள். ஆடினால் பூசாதீர்கள். மாஸ்டிக் இடைவெளியை அடைக்கிற பொருள், குழாயைத் தாங்கிப்பிடிக்கிற பொருள் இல்லை. ஒவ்வொரு இணைப்புக்குப் பக்கத்திலும் ஒரு தொங்கு பட்டை வேண்டும். தொய்ந்த இணைப்பு இன்றைக்கு இல்லாவிட்டால் நாளைக்கு வாயைப் பிளக்கும்.

மாஸ்டிக் தண்ணீரில் கரைகிற வகைதான் வீட்டுக்கு நல்லது. மட்டமான இரண்டு அங்குல பிரஷ் ஒன்று. இணைப்புக்கு இந்தப் பக்கம் ஒரு அங்குலம் அந்தப் பக்கம் ஒரு அங்குலம். முதலில் பள்ளங்களுக்குள் குத்திக் குத்தி ஏற்றுங்கள், அப்புறம் மேலே ஒரு படலம். பூசியபின் கிரிம்ப் வரிகள் கண்ணுக்குத் தெரிந்தால் மெலிசு. ஒரு இரண்டு ரூபாய் நாணயத்தின் கனம் இருக்க வேண்டும். 6 மி.மீ.க்கு மேல் சந்து இருந்தால் மாஸ்டிக்கை மட்டும் நம்பக் கூடாது, கண்ணாடியிழை வலைத் துணியை ஈரப் படலத்தின் மேல் அழுத்தி, அதன் மேல் இன்னொரு படலம். ஸ்க்ரூ தலைகளையும் எல்போவின் (வளைவுத் துண்டு) மடிப்புச் சந்துகளையும் மறக்காதீர்கள். திருகு எல்போவில் காற்று ஒழுகுகிற இடம் அந்த வளையங்கள்தான்.

சமவெளியில் ஒரு நாளில் காயும் மாஸ்டிக் இங்கே பனிக்காலத்தில் இரண்டு மூன்று நாள் எடுக்கும். நகத்தால் அழுத்திப் பாருங்கள், பள்ளம் விழுந்தால் காயவில்லை. அதுவரை ஃபேன் போடாதீர்கள். டப்பாவை இரவில் வெளியே வைத்து உறைய விட்டால் அப்புறம் அது பயன்படாது.


வளிக்கணக்கு (கோவை, சொந்த ஊர் அருவங்காடு)

அலுமினிய டேப் நண்பருக்கும் ஒரு வார்த்தை. டேப் எல்லாம் மோசம் என்று நான் சொல்லவில்லை. 1998-இல் கலிஃபோர்னியாவில் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்தில் டக்ட் அடைக்கும் பொருள்களைச் சூட்டிலும் குளிரிலும் மாற்றி மாற்றி வைத்துச் சோதித்தார்கள். மாஸ்டிக்கும் அலுமினிய டேப்பும் தாக்குப்பிடித்தன. ரப்பர் பசைத் துணி டேப்தான் கழன்று விழுந்தது. வேடிக்கை என்னவென்றால், ‘டக்ட் டேப்’ என்று பெயர் வைத்திருப்பதே அந்தத் துணி டேப்புக்குத்தான். எனவே, சுத்தமான, காய்ந்த, நேரான இணைப்பில் நல்ல அலுமினிய டேப்பை ஸ்பேட்டுலா வைத்துத் தேய்த்து ஒட்டினால் இருக்கும். கிரிம்ப் மேட்டுப் பள்ளத்தின் மேல், பனிக்காலக் காலையில், கையால் தடவி ஒட்டினால் இருக்காது. உறையில் எத்தனை டிகிரிக்கு மேல் ஒட்ட வேண்டும் என்று போட்டிருக்கும், அதைப் பாருங்கள்.

எவ்வளவு அடைக்க வேண்டும் என்று யாராவது கேட்டால் ஸ்மாக்னா (அமெரிக்க டக்ட் ஒப்பந்ததாரர் சங்கம்) பிரித்த வகுப்புகளைச் சொல்லலாம். சி வகுப்பில் குறுக்கு இணைப்பு மட்டும், பி-யில் நெடுக்கு மடிப்பும் சேரும், ஏ-யில் டக்ட் சுவரில் போட்ட துளைகளும் சேரும். அது அழுத்தத்தை வைத்துப் பிரித்தது. சின்னக் குளியலறை ஃபேனுக்கு சி-யே தாராளம் என்றுதான் புத்தகப்படி வரும். மலையில் ஈரம் இருப்பதால் நான் ஏ போலவே செய்யச் சொல்வேன், ஒரு டப்பா மாஸ்டிக் கூட ஆகுமா என்ன.

சதுர டக்ட் வைத்திருப்பவர்களுக்கு: ஃபிளாஞ்ச் நடுவில் அவ்வளவாக ஒழுகாது, நான்கு மூலையும்தான் ஒழுகும். விளிம்புகளுக்கு நடுவில் வைக்கும் கேஸ்கெட் பட்டையை மூலையில் முட்டவைத்து வெட்டாமல் ஒன்றன் மேல் ஒன்று ஏற்றி ஒட்டுங்கள், மூலைத் துண்டுக்குப் பின்னால் மாஸ்டிக் வையுங்கள்.


ஏரிக்கரை_அக்கா (கொடைக்கானல்)

நல்ல நேரத்தில் இந்த இழையைப் பார்த்தேன். எங்களுடையது சின்ன லாட்ஜ். குளியலறை எக்ஸாஸ்டுக்கு நாங்கள் பி.வி.சி. குழாய்தான் போட்டிருக்கிறோம், சால்வென்ட் பசை ஒட்டி. இதுவரை சொட்டவில்லை. அது சரிதானா? இரண்டாவது, சமையலறை ஹூட் (அடுப்புக்கு மேலே புகை இழுக்கும் கூடு) டக்டில் எண்ணெய் கசிகிறது. அதற்கும் இந்த மாஸ்டிக் பூசலாமா? மூன்றாவது, இரண்டு குளியலறையில் கேஸ் கீசர் இருக்கிறது. அதன் புகைக்குழாயையும் அதே எக்ஸாஸ்ட் லைனில் சேர்த்துவிட்டால் சுவரில் ஒரு துளை மிச்சம் என்கிறார் பிளம்பர்.


வளிக்கணக்கு (கோவை, சொந்த ஊர் அருவங்காடு)

அக்கா, மூன்றாவதை முதலில் சொல்கிறேன். சேர்க்காதீர்கள். ஏற்கெனவே சேர்த்திருந்தால் இன்றைக்கே அந்தக் கீசரை அணைத்துவிடுங்கள். கீசர் புகையில் கார்பன் மோனாக்சைடு இருக்கலாம், அதற்கு வாடையும் இல்லை நிறமும் இல்லை. பொது லைனில் விட்டால் ஃபேன் நின்றிருக்கும் நேரத்தில் பக்கத்து அறைக் குளியலறைக்குள் அது இறங்கும். தனிக் குழாய் போட்டாலும் தொல்லை தீராது. கதவு ஜன்னலை இறுக மூடிக்கொண்டு எக்ஸாஸ்ட் ஃபேனைப் போட்டால், ஃபேன் தனக்கு வேண்டிய காற்றைக் கீசர் குழாய் வழியாகவே உள்ளே இழுக்கும், புகையும் கூடவே திரும்பும். குளிருக்குப் பயந்து விருந்தினர் எல்லாச் சந்தையும் துணி வைத்து அடைக்கிற ஊர் நம்முடையது. கீசரைக் குளியலறைக்கு வெளியே, திறந்த வராந்தாவில் மாட்டி வெந்நீரை மட்டும் உள்ளே கொண்டுவாருங்கள்.

சமையலறை டக்டுக்கு மாஸ்டிக், சிலிக்கான், டேப் எதுவும் கூடாது. எண்ணெய் படிந்த டக்ட் தீப்பிடிக்கும் டக்ட். அமெரிக்கத் தீத்தடுப்புச் சங்கத்தின் என்.எஃப்.பி.ஏ. 96 விதியில் வெளியிலிருந்து தொடர்ச்சியாக வெல்டிங், திரவம் கசியாதபடி என்று இருக்கிறது. இரும்பு என்றால் 16 கேஜ், ஸ்டெயின்லெஸ் என்றால் 18 கேஜ். 24 கேஜ் ஜி.ஐ.யில் ரிவெட் அடித்த ஹூட் டக்ட் மலையில் எத்தனையோ பார்த்திருக்கிறேன். கசிவு தெரிகிற இடத்தில் அடைத்தால் எண்ணெய் அடுத்த இணைப்பில் தேங்கும். ஹூட் பக்கம் சாய்வு, திருப்பத்துக்குத் திருப்பம் சுத்தம் செய்யும் கதவு, அடியில் எண்ணெய் பிடிக்கும் கிண்ணம். அதைக் கழற்றிக் கழுவ ஒரு ஆள் பெயர் எழுதி வையுங்கள், இல்லாவிட்டால் யாரும் கழுவ மாட்டார்கள்.

பி.வி.சி. பற்றித் தகரத்தம்பி சொல்லட்டும், அவர் வாயால் கேட்க ஆசை.


தகரத்தம்பி (குன்னூர்)

கிண்டலா சார். வெறும் குளியலறைக் காற்றுக்கு பி.வி.சி. நல்லதுதான். துருப்பிடிக்காது, ஒட்டிய இணைப்பு ஒழுகாது. சாக்கெட் வாய் மேட்டுப் பக்கம் பார்த்து இருக்க வேண்டும், கழிவுநீர்க் குழாய்க்குப் போடுவது போலவே. ஆனால் அடுப்பு, கீசர், கரி எதற்கும் பக்கத்தில் கொண்டுபோகாதீர்கள். பி.வி.சி.யிலும் உள்ளே தண்ணீர் படியும், அக்காவின் லைனில் சொட்டவில்லை என்றால் அது எங்கேயோ சரியாக வடிகிறது. எங்கே என்று பார்த்து வையுங்கள், ஃபேனுக்குள் வடியாமல் இருந்தால் சரி.


மின்கம்பி (ஊட்டி)

நான் எலெக்ட்ரீஷியன். ஃபேனுக்குள் வடிகிற கேஸ் நிறையப் பார்க்கிறேன். குளிர்காலத்தில் ஆர்.சி.சி.பி. (மின்கசிவு வந்தால் தானே விழும் ஸ்விட்ச்) காலையில் மட்டும் விழுகிறது என்று கூப்பிடுவார்கள், போய்ப் பார்த்தால் மோட்டார் டெர்மினலில் தண்ணீர். குழாயில் தண்ணீர் வந்து தேங்கும் இடத்தில் ஃபேன் இருக்கக் கூடாது. கோத்தகிரிக்காரர் குழாயைச் சுவர்ப் பக்கம் மாற்றும்போது அதைக் கவனியுங்கள்.

இன்னொரு சந்தேகம். மலையில் காற்று லேசு, அதனால் ஒரு சைஸ் பெரிய ஃபேன் போட வேண்டும் என்கிறார்களே, நிஜமா?


வளிக்கணக்கு (கோவை, சொந்த ஊர் அருவங்காடு)

ஊட்டி உயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் முக்கால் பங்கு சொச்சம், குன்னூரில் ஐந்தில் நான்கு பங்கு. ஃபேன் கொடுக்கிற அழுத்தம் அதே அளவுக்குக் குறையும், டக்டில் ஏற்படும் தடையும் அதே அளவுக்குக் குறையும். கன மீட்டர் கணக்கு மாறாது. குளியலறைக்கு அதே ஃபேன் போதும். இலைவாடி ஐயா மாதிரி காற்றின் எடையை, அது சுமக்கிற சூட்டை வைத்து இலை உலர்த்துபவர்களுக்குத்தான் பெரியது வேண்டும். வீட்டில் ஃபேன் இழுக்கவில்லை என்றால் உயரத்தைக் குறை சொல்லாமல் இணைப்பைப் பாருங்கள்.

கோத்தகிரி நண்பருக்கு: ஃபேனைச் சுவர் முனைக்கு அருகில், மின்கம்பி சொன்னது போலத் தண்ணீர் அதற்குள் வடியாதபடி வையுங்கள். அப்போது வீட்டுக்குள் இருக்கிற நீளம் முழுக்க இழுவைப் பக்கம் ஆகிவிடும். சின்னச் சந்து எங்காவது விட்டுப்போனாலும் சீலிங் மேலே ஈரம் தள்ளாது. ஆனால் ஐயா சொன்னது போல அந்தப் பக்கக் கசிவு கண்ணுக்குத் தெரியாது, குளியலறையில் இழுவை குறைவதுதான் அடையாளம். சோதிக்க, இரவில் விளக்கை அணைத்துவிட்டு ஒரு எல்.இ.டி. டார்ச்சைக் குழாய்க்குள் தள்ளிப் பாருங்கள், பூசாத இடம் எல்லாம் ஒளிரும். பிறகு கிரில் வாயில் தினத்தாள் வைத்து மறைத்து, ஃபேனைப் போட்டு, ஊதுபத்தி. சோப்பு நுரை தள்ளும் பக்கத்துக்குத்தான், இழுவைப் பக்கத்தில் பூசினால் உள்ளே உறிஞ்சிவிட்டு ஒன்றும் காட்டாது.

எல்லாம் காய்ந்து சோதித்த பிறகு 19 மி.மீ. நைட்ரைல் ரப்பர் இன்சுலேஷன் ஷீட்டைச் சுற்றுங்கள். குழாய் குளிராவிட்டால் படிவதும் குறையும். சோதிப்பதற்கு முன்னால் சுற்றிவிட்டால் கசிவு எங்கே என்று யாராலும் கண்டுபிடிக்க முடியாது.


கூரைக்குக்கீழ் (கோத்தகிரி)

நன்றி சார், அண்ணா, ஐயா. பொங்கல் வரை அந்த லைனை நிறுத்திவிட்டு ஜன்னல் ஃபேன் வைத்துச் சமாளிக்கிறோம், கூட்டம் போனதும் வேலை. கடைசியாக ஒன்று: வீட்டுக்குக் கிழக்கிலும் மேற்கிலும் முக்கோணச் சுவர் இருக்கிறது. எந்தப் பக்கம் துளை போடலாம்? கிழக்குப் பக்கம் குழாய் ஒரு மீட்டர் குறையும். அப்புறம் குரங்கு தொல்லை உண்டு.


தகரத்தம்பி (குன்னூர்)

மேற்கு. கோத்தகிரிக்கு ஐப்பசி, கார்த்திகையில்தான் பெரிய மழை, கிழக்கிலிருந்து அடிக்கும். கிழக்கு வாயில் எந்தத் தொப்பி போட்டாலும் சாரல் குழாய்க்குள் வரும். கூடலூர், பந்தலூர் ஆட்கள் இதைப் படித்தால் அவர்களுக்கு நேர்மாறு, அங்கே ஆடி மழை மேற்கிலிருந்து.

கல் துளையில் முதலில் ஒரு பெரிய குழாயை உறையாக வைத்து, வெளிப்பக்கம் ஒரு விரல்கடை தாழ்த்திச் சிமெண்ட் வையுங்கள். அதற்குள் டக்ட் போகட்டும். இரண்டுக்கும் நடுவில் உள்ள சந்தை உள்பக்கம் மட்டும் நியூட்ரல் சிலிக்கானால் அடையுங்கள், வெளிப்பக்கம் அடியில் திறந்தே இருக்கட்டும், எப்படியாவது உள்ளே வந்த தண்ணீர் வெளியேற. டக்ட் சுவரைத் தாண்டி நான்கு அங்குலம் நீட்டிக்கொண்டு, நுனி கீழே வளைந்து இருந்தால் சொட்டு சுவரில் வழியாது.

குரங்குக்கு அரை அங்குலச் சதுர வெல்டட் மெஷ், 16 கேஜ் கம்பி, உள்பக்கமாக ரிவெட். வெளியே ஸ்க்ரூ வைத்தால் ஒரு வாரத்தில் கழற்றிவிடும். கொசுவலை போடாதீர்கள், குளியல் துண்டின் நூலும் ஈரமும் சேர்ந்து அடைத்துக்கொள்ளும். வேலை ஆரம்பிக்கும் நாளைச் சொல்லுங்கள், அந்தப் பக்கம் வர வேண்டிய வேலை எனக்கும் இருக்கிறது, செருகுவதற்கு முன்னால் முனைகளை ஒரு தடவை பார்த்துவிட்டுப் போகிறேன்.